கதவோர நாற்காலி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். கால் வீங்கியதைத் தவிர பயணத்தில் குறையில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? மேசையில் வைத்துவிட்டு வந்த மருந்தை வேளை தவறாமல் எடுத்துக்கொள்.

இனி போன் வேண்டாம், எழுது போதும் என்று பேருந்து நிலையத்தில் சொன்னாய். "போன்ல நான் சொல்றத நீ கேக்குறதில்ல. என் நாக்கு குழறுதான்னுதான் கேக்குற" என்றாய். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்: ஆமாம், இரண்டு வருடமாக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நேரில் சொல்லாததையும் எழுதிவிடுகிறேன். சமையலறையில், பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் மாவு வாங்கிய பழைய டின்னுக்குள் மது பாட்டிலைப் பார்த்தேன். பக்கத்தில் தம்ளர் இருந்தது. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்து மூடினேன். பிறகு கூடத்துக்கு வந்து, நாளைக்கு மழை வருமா என்று உன்னிடம் கேட்டேன்.

நீ பல் செட் செய்துகொடுக்கும் டாக்டரையும் பல் மருத்துவமனை வாசலில் பார்த்தேன். ஒரு பெரியவரின் பல் செட்டில் இடது பக்கக் கோரைப்பல்லை வலது பக்கமும் வலது பக்கத்துப் பல்லை இடது பக்கமும் நீ வைத்துவிட்டதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "உங்க அக்கா மாதிரி கை இந்த ஊர்ல யாருக்கும் கிடையாதும்மா. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வச்சுக்க முடியாது" என்றார். பதினெட்டு வருட வேலை, அக்கா. அது போனால் பகல் முழுவதும் நீயும் அந்த டின்னும்தான் வீட்டில் இருப்பீர்கள்.

எங்கள் நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களுக்குள் கிடைப்பதையெல்லாம் போட்டுவைக்க ஒரு இழுப்பறை உண்டு. கொண்டை ஊசி, மருந்துச் சீட்டு, ஒருமுறை பிரிக்கப்படாத கடிதம்கூடக் கிடந்தது. தேனீ வளர்ப்புப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த துண்டுத்தாள் போன மாதத்திலிருந்து அதில் இருந்தது. குடியிலிருந்து மீள்வோர் கூட்டங்கள், ஊர்வாரியாக. உன் ஊரும் இருக்கிறது. புதன்தோறும் மாலை ஆறு மணி, பழைய அஞ்சலகத்தின் பின்னால் உள்ள சிறிய கட்டடம். பெயர் சொல்ல வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வரைபடத்தை வைத்து உன் வீட்டிலிருந்து வழி எழுதி இணைத்திருக்கிறேன். நீ வருவாய் என்று அந்த முகவரிக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

உன்னை அதட்ட எனக்கு வாய் வராது. அம்மா போனபோது நீ பதினாறு வயதில் பள்ளியை விட்டு என் தலையைப் பின்ன உட்கார்ந்தவள். அதட்டவில்லை, கேட்கிறேன். போய்ப் பார்.

உன்,
தங்கை

*

ஜனவரி 23

என் எலிக்கு,

இருமல் பாதி போயிற்று, பாதி இருக்கிறது. உன் கால் வீக்கம் வடிந்ததா? உப்புப் போட்ட வெந்நீரில் வை. நூலகத்தில் நின்றுகொண்டே படிக்காதே.

டின்னைத் திறந்தவள் மூடியைத் திருகி மூட வேண்டாமா? நீ ஊருக்குக் கிளம்பும் முன்பே எனக்குத் தெரியும். மழை வருமா என்று கேட்டாயே, அப்போது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சின்ன வயதில் புத்தகத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டு வந்து நிற்பாயே, அதே முகம். எலி என்று சும்மாவா பெயர் வைத்தேன்?

பல் மாறியது கண் செய்த தப்பு. கண்ணாடியை மாற்ற வேண்டும். டாக்டர் எல்லாவற்றையும் பெரிதாக்குவார். அந்தப் பெரியவர் ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. அவர் மனைவிதான், இவர் சிரித்தால் வேறு யாரோ போல் இருக்கிறது என்று பிடித்து இழுத்து வந்தார்.

நீ நினைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் கொஞ்சம், தூக்கத்துக்கு. யாருக்கும் தொந்தரவு இல்லை. மெழுகை உருக்கும் ஸ்பிரிட் விளக்கு பகல் முழுக்க எரிகிற அறையில் என்னிடம் என்ன வாசனை வந்தால் யாருக்குத் தெரியும்?

வழி நன்றாக எழுதியிருக்கிறாய். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எட்டுப் படி. அலமாரி வாங்கினால் மாட்டும் விதம் சொல்லி உள்ளே ஒரு காகிதம் வருமே, அந்த மாதிரி. உன் ஆசைக்காக ஒருநாள் போய்ப் பார்க்கிறேன். இருமல் நிற்கட்டும். அந்த மாதிரி இடத்தில் போய் இருமிக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

என் கால் வடிந்துவிட்டது. உன் இருமல் எப்போது நிற்கும் என்று அதனிடமே கேட்டுச் சொல்.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தில் எழுத்து நேராக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் வரிகள் வலது ஓரத்தில் கீழே இறங்குகின்றன. போனில் நாக்கைக் கேட்கிறேன் என்று கோபித்துக்கொண்டாய். இனி கையெழுத்தைப் பார்ப்பதற்கும் கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். நான் பார்க்கத்தான் செய்வேன்.

கொஞ்சம் என்கிறாய். நான் உன்னோடு இருந்த நான்கு நாளும் காலையில் நீ சட்டைப் பொத்தானைப் போட எடுத்துக்கொண்ட நேரத்தை நான் அறிவேன். அரிசி மணி அளவு மெழுகில் பல்லின் வரிகளைக் கீறுகிற கை அது.

ஒரே ஒரு புதன்கிழமை போய் வா. பிடிக்கவில்லை என்றால் மறுபடி நான் அதைப் பற்றிப் பேசவே மாட்டேன். அம்மா மேல் சத்தியம் என்று எழுதலாம். எழுதினால் நீ அழுவாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

தங்கை

*

பிப்ரவரி 14

என் எலிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் நேற்றுப் போய்வந்தேன்.

உன் வழியில் ஒரு தப்பும் இல்லை. அஞ்சலகத்துச் சுவரை ஒட்டி நடந்தால் குறுகலான ஒரு சந்து, கடைசியில் பச்சைக் கதவு. உள்ளே பதினைந்து நாற்காலி வட்டமாக. மூலையில் கெட்டில். மேலே ஒரு பழைய மின்விசிறி, கடக் கடக் என்று சத்தம் போட்டுக்கொண்டு. யாராவது பேச்சை நிறுத்தினால் அதுதான் பேசும்.

ஒன்பது பேர் இருந்தோம். பேருந்து ஓட்டுநர் ஒருவர், மகள் திருமணத்தன்று தான் எங்கே இருந்தோம் என்பது இன்றுவரை தனக்குத் தெரியாது என்றார். கணக்கு வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்றவர். அவர் பேசும்போது எல்லோரும் மாணவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

பெண் என்று பார்த்தால் நானும் ஒரு தையல்காரியும். என் வயதுதான் இருக்கும். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. துக்கத்தால் குடிக்கவில்லை என்றாள். "நாலு மணிக்கு வேலை முடியுது. ஆறு மணி வரைக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. அவ்வளவுதான். பெரிய கதையெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். ஆறு மணிக்கு முடிந்தது முதலில் ஆறரை மணி வரை போயிற்று, பிறகு ஒன்பது மணி வரை, பிறகு மூன்று மணிக்கே ஆரம்பித்ததாம்.

நான் ஒன்றும் பேசவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த புதனும் போகலாம் என்றிருக்கிறேன். இப்போது திருப்திதானே? நிம்மதியாகத் தூங்கு.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் வைத்துத்தான் பிரித்தேன். படித்து முடித்ததும் ஏணியில் ஏறி மேல்தட்டில் புத்தகங்களை அடுக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். கீழே இருந்தால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்கள். இருமல் போய்விட்டதா என்று இந்த முறை கேட்க மறந்தால் மன்னித்துக்கொள். பார், கேட்டுவிட்டேன்.

தையல்காரியைப் பற்றி இன்னும் எழுது. நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் இருக்கும் பொழுதைப் பற்றி இவ்வளவு நேராக ஒருவர் பேசி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவளுக்கு யாராவது இருக்கிறார்களா? வீட்டில் தெரியுமா? முடிந்தால் அவள் பக்கத்திலேயே உட்கார். யாரும் சொல்லாமல் உன் அருகில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு உன் ஊர் கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருக்கிறது.

வேலை எப்படிப் போகிறது? கை?

தங்கை

*

மார்ச் 17

என் எலிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சளி, காய்ச்சல், வேறொன்றும் இல்லை. இப்போது எழுந்துவிட்டேன். நீ இரவில் கண் விழித்துப் படிப்பதை நிறுத்தினாயா?

கூட்டத்துக்கு விடாமல் போகிறேன். வாத்தியார் போன வாரம் வரவில்லை. ஓட்டுநர் மகளிடமிருந்து கல்யாணப் படத்தை வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். விசிறி மட்டும் அப்படியே.

தையல்காரியைப் பற்றிக் கேட்டாய். அவளுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாளாம். தாயில்லாத பிள்ளையை இவள்தான் வளர்த்திருக்கிறாள். அது படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன அன்று பேருந்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாளாம். வழக்கம்போல இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டாள். சமைத்த பிறகுதான் உறைத்திருக்கிறது. வேலை பார்க்கும் இடத்தில் யாரோ பரிசாகக் கொடுத்த பாட்டில் ஒன்று அலமாரியில் பிரிக்காமல் இருந்ததாம்.

"தங்கச்சி மேல பழி போடல" என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள். "அவ நல்லா இருக்கணும்னுதானே அனுப்புனேன். ஆனா போன தடவை வந்தப்ப பாட்டில பாத்துட்டா. ஒண்ணும் சொல்லல. தம்ளரக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். நான் வளத்த புள்ள எனக்குப் பயந்துகிட்டு தம்ளரக் கழுவுது."

 எனக்கு உன் நினைவு வந்தது. உலகத்தில் எல்லாத் தங்கைகளும் தம்ளர்தான் கழுவுவார்கள் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். என் பெயர் தேவையில்லை. கூட்டம் நடக்கும் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது, அதனால் எங்கள் ஆட்கள் என்னைச் சாவிக்காரர் என்பார்கள். தொழிலால் நான் கொல்லன், இரும்புக் கதவு செய்பவன்.

நீங்கள் ஜனவரியில் எழுதிய கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. பழைய கட்டடத்தின் தபால் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. போன வருடம் அக்டோபர் மழையில் அங்கே கூரை பெயர்ந்து, மின்விசிறியோடு சேர்ந்து வட்டத்தின் நடுவில் விழுந்தது. நல்லவேளை, அன்று செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து அந்தக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் ரயில் நிலையம் எதிரே சைக்கிள் நிறுத்துமிடத்தின் மாடிக்கு வந்துவிட்டோம். புது முகவரியைப் பழைய கதவில் ஒட்டியிருக்கிறோம். கடிதத்தில் நீங்கள் சொல்லும் தாள் மூன்று வருடம் பழையது.

உங்கள் அக்கா வந்தாரா, வருகிறாரா என்பதை நான் யாருக்கும் சொல்லக் கூடாது. கூடப்பிறந்தவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. அது எங்கள் ஏற்பாடு. கட்டடத்தைப் பற்றிச் சொல்லலாம், அதனால் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லலாம். வருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்காக ஒரு நாற்காலியை அதிகமாகப் போடுவது எங்கள் வழக்கம். கதவோரமாகப் போடுவோம். நுழைந்ததும் உட்காரலாம், பயமாக இருந்தால் உடனே எழுந்தும் போகலாம். உங்கள் கடிதம் தாமதமாக வந்தது எங்கள் குற்றம். அடுத்த புதனிலிருந்து ஒரு நாற்காலி போடுகிறேன். எத்தனை வாரமானாலும் எடுக்க மாட்டோம். எனக்காக ஏழு மாதம் போட்டு வைத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
சாவி வைத்திருப்பவன்

*

ஏப்ரல் 5

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன்.

பதிப்பாண்டு பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று நூலகத்துக்கு வரும் மாணவர்களிடம் தினமும் சொல்பவள் நான். அந்தத் தாளில் நான் ஆண்டைத் தேடவே இல்லை. முகவரி இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

அக்கா வருகிறாளா என்று உங்களிடம் கேட்க மாட்டேன். நீங்கள் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிப்ரவரியிலிருந்து அவள் கூட்டத்தைப் பற்றி எனக்கு எழுதுகிறாள். அவள் எழுதிய அறையில் அந்த மின்விசிறி ஓடுகிறது. ஓர் ஓட்டுநர் இருக்கிறார், ஒரு வாத்தியார் இருக்கிறார், ஒரு தையல்காரி இருக்கிறாள். தையல்காரியின் தங்கை தம்ளர் கழுவி வைக்கிறாள். அந்தத் தம்ளரை நான்தான் கழுவினேன், ஐயா. படித்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். எல்லாத் தங்கைகளும் அப்படித்தான் என்று அக்கா எழுதியதை நம்பிக்கொண்டேன். நம்ப ஆசையாக இருந்தது.

கேட்டால் அவள் எனக்கு எழுதுவதையே நிறுத்திவிடுவாள். அவள் உண்மை பேசுவது அந்தத் தையல்காரி வாயால் மட்டும்தான். அதை நான் பிடுங்கிவிடக் கூடாது. அதனால், கூட்டம் அடுத்த வாரம்தான் இடம் மாறப்போவதாக அவளுக்கு எழுதுகிறேன். இதுவரை பழைய இடத்திலேயே நடந்த மாதிரி. இது பொய் என்று எனக்குத் தெரியும். அவள் தலை குனியாமல் உள்ளே வர எனக்குத் தெரிந்த ஒரே வாசல் இதுதான்.

நாற்காலியைப் போட்டு வையுங்கள்.

பணிவுடன்,
தங்கை

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுதும் விட்டதா? இங்கே நான் சௌக்கியம்.

கூட்டம் நடத்துபவரிடமிருந்து எனக்கு இரண்டு வரி வந்தது. உனக்கும் சொல்லியிருப்பார்கள். அடுத்த புதனிலிருந்து இடம் மாறுகிறதாம். ரயில் நிலையம் எதிரே, சைக்கிள் நிறுத்துமிடத்தின் மாடி. நேரம் அதேதான். கதவோரமாக ஒரு நாற்காலி காலியாக இருக்கும் என்றார்.

தையல்காரியைப் பார்த்தால் என் சார்பில் ஒன்று சொல்வாயா? அவள் தங்கை பயந்து தம்ளர் கழுவவில்லை. அவளுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. எதையாவது சரியாகச் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று கை தேடியபோது, கைக்கு எட்டியது அந்தத் தம்ளர்தான். பாட்டிலை உடைக்கவும் தைரியமில்லை, கட்டிப்பிடித்து அழவும் தைரியமில்லை. இதை அவள் நேரில் சொல்ல மாட்டாள். வளர்த்தவளுக்கு அது தெரியும்.

இன்னொன்றும் சொல். இரண்டு பேருக்குச் சமைத்த அந்த மாலை, அந்தத் தங்கையும் புது ஊரில் ஒரு கடையில் இரண்டு தட்டு சாப்பாடு வாங்கினாள்.

உன்,
தங்கை

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி ஐந்து வாரமாகியும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா? ஒரு வரி போதும். ஒரு தாளில் உன் கையால் "அக்கா" என்று மட்டும் எழுதி அனுப்பினாலும் போதும். எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன்.

போன் செய்ய மூன்று முறை எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். செய்ய வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

இங்கே எல்லாம் பழையபடி.

தங்கை

*

ஜூன் 8

என் எலிக்கு,

இருக்கிறேன். நடமாடுகிறேன். உன்னை இத்தனை நாள் காக்க வைத்தேன், அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்.

அடுத்த வாரம் இடம் மாறுகிறது என்று நீ எழுதியதைப் படித்த உடனே புரிந்துவிட்டது. பிப்ரவரியிலேயே பூட்டிக் கிடந்த இடம் ஏப்ரலில் எப்படி மாறும்? உனக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் கோபம்தான் வந்தது. என்னை ஏமாற்றி அழைத்துப்போகப் பார்க்கிறாளே என்று. ஏமாற்றியது யார் என்று யோசிக்க மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் குடித்தேன். டாக்டரிடம் லீவு சொன்னேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் நான் போனேன், எலி. அது பொய் இல்லை. நீ எழுதிய எட்டுப் படியையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன். சந்து, பச்சைக் கதவு, எல்லாம் உண்மை. கதவில் சங்கிலி. ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கண்ணாடி எடுத்துவரவில்லை, படிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். கண்ணாடி என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன், உலகம்தான் மூடிவிட்டது என்ற நிம்மதி. வரும் வழியிலேயே வாங்கிக்கொண்டு வந்தேன். முகவரி தப்பு என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ வேறு முகவரி கண்டுபிடித்துவிடுவாய். அதனால் காகிதத்திலேயே நாற்காலி போட ஆரம்பித்தேன். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தையல்காரியை மட்டும் நான் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள்.

மே மாதம் முதல் புதன் ரயில் நிலையத்துக்குப் போனேன். எதிர்ப்பக்கம் நின்று படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் புதன் பாதிப் படி. மேலே கதவு திறந்திருந்தது. ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாகத் தெரிந்தது. இறங்கிவிட்டேன். அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன் என்று எழுதியிருந்தாயே. நீ பார்ப்பதை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன்?

மூன்றாம் புதன் போய் உட்கார்ந்தேன்.

என் கூட்டம் மாதிரி இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. ஆறு பேர். டீ ஆறிப்போயிருந்தது. ஒரு மனிதர் இருபது நிமிடம் தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார். யாரும் மனதைத் தொடுகிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் மணிகள். பெரிய கைகளோடு ஒருவர் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். சொல்ல நினைத்ததெல்லாம் தையல்காரி ஏற்கனவே சொல்லி முடித்துவிட்டாள். கடைசியில் உண்மையைச் சொன்னேன். "நான் இந்தக் கூட்டத்துக்கு ரெண்டு மாசமா வந்துட்டுத்தான் இருந்தேன். மனசுக்குள்ள. தங்கச்சிக்கு லெட்டர் எழுத."

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை. முழங்கால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கூட்டத்துல நான்தான் தலைவர்மா. ரெண்டு வருஷம். வீட்டுக்காரிக்கு வாராவாரம் விவரம் சொல்லுவேன். ஒரு தடவை எனக்கு நானே பொன்னாடைகூடப் போத்திக்கிட்டேன்" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேச விசிறியும் இல்லை. அந்த அமைதியில் நான் அழுதேன். யாரும் தண்ணீர் கொண்டு வரவில்லை, தோளைத் தட்டவில்லை. அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் டாக்டரிடம் நானே சொன்னேன். வாசனை ஸ்பிரிட் விளக்கினுடையது இல்லை என்று. தெரியும் என்றார். கோரைப்பல், முன்பல் வேலையை இப்போதைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு அச்சு வார்க்கிற வேலை, தேய்க்கிற வேலை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் முதல் நாள் செய்த வேலை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே அனுப்பவில்லை. ஆகஸ்டில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

இன்று குடிக்காமல் பதினோராவது நாள். பத்தொன்பது என்று எழுதியிருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் தவறிவிட்டேன், மறுபடி ஒன்றிலிருந்து. இதை எழுதாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். நாலு மணிக்கு வேலை முடிந்ததும் ரயில் நிலையம் வரை நடந்து போய், சைக்கிள் டோக்கன் கொடுக்கும் பெண்ணோடு நின்று பேசிவிட்டு ஆறு மணிக்குத் திரும்புகிறேன். சில நாள் கால் வேறு பக்கம் இழுக்கிறது. கை இன்னும் நடுங்குகிறது, அதனால் இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். வரிகள் எங்கெல்லாம் இறங்குகின்றன என்று நன்றாகப் பார்த்துக்கொள்.

தையல்காரி இனி வர மாட்டாள். நீ அவளிடம் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இரண்டு தட்டு வாங்கினாயே, மிச்சத்தை என்ன செய்தாய் என்று கேட்கச் சொன்னாள்.

புதன்கிழமை தவிர எந்த நாளும் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். போன் பண்ணு. நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. நாக்கைக் கேள்.

அக்கா